தாழியில் ஊறிய பால்

செவ்வாய்க்கிழமை காலை காட்சிச்சாலையைத் திறந்து உள்ளே போன சிவசைலம், தாழிக்குள் ஒரு நந்தியாவட்டைப் பூ கிடப்பதைக் கண்டான்.

வாடாத பூ. கிள்ளிய காம்பில் பால்கூட இன்னும் காயவில்லை. திங்கட்கிழமை காட்சிச்சாலைக்கு விடுமுறை. ஞாயிறு சாயங்காலம் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போனவன் அவன்தான். ஜன்னலுக்கெல்லாம் கம்பியும், குருவி நுழையாமலிருக்க வலையும் அடித்திருந்தார்கள். பார்க்க வந்த கூட்டத்தில் எவனாவது விளையாட்டாகப் போட்டிருப்பான் என்று மனசைச் சமாதானப்படுத்தப் பார்த்தான். ஆனால் கிள்ளிய நந்தியாவட்டை ஒரு பொழுதுக்குமேல் முகம் வாடாமல் இருக்காது. மாலை கட்டும் பண்டாரத்தின் வீட்டில் பிறந்து வளர்ந்தவனை இந்த விஷயத்தில் யாரும் ஏமாற்ற முடியாது, அவனே நினைத்தாலும் முடியாது.

பூவை எடுத்துக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டான். விரல் நுனியில் ஈரம் ஒட்டியது. அதை வேட்டியில் துடைத்துக்கொண்டே வெளியே வந்து, வாசல் கூட்டிக்கொண்டிருந்த காவல்காரர் மதாரிடம், "நேத்து யாரும் வந்தாவளா அண்ணாச்சி?" என்று கேட்டான்.

"பூட்டின வீட்டுக்கு யாருவே வருவா?" என்றார் மதார். "ஒரு நாய் வந்துச்சு. கதவடியில என்னத்தயோ மோந்து பாத்துச்சு. பெறவு வாலைக் கவட்டைக்குள்ள வச்சிக்கிட்டு ஓடிட்டு."

சௌமிய வருஷத்து ஆனி மாதம் அது. பாளையங்கோட்டையில் அந்தக் காட்சிச்சாலை சித்திரையில்தான் திறந்தது. வெள்ளைக்காரர் ஒருவர் குடியிருந்து காலிசெய்த பங்களா. முன்னால் தோட்டம் போட்டு, உட்காரக் கல் பலகைகள் பதித்து, குடும்பத்தோடு வந்து காற்று வாங்கலாம் என்று தமுக்கடித்தார்கள். ஜனங்கள் காற்றுக்காகவா வந்தார்கள்? ஆற்றோரத்துப் பரம்பு மேட்டில் தோண்டியெடுத்த பழங்காலத்துச் சாமான்களைப் பார்க்க வந்தார்கள். முக்கூடலிலிருந்தும் அம்பாசமுத்திரத்திலிருந்தும் கட்டுச்சோற்றோடு வில்வண்டி பூட்டிக்கொண்டு வந்தார்கள். மதராஸ் பார்த்துத் திரும்பியவர்கள் அங்கே உள்ள காட்சிச்சாலையைச் சொல்வது போலவே இதையும் 'செத்த காலேஜ்' என்றார்கள். அந்தப் பேரே நிலைத்துவிட்டது.

துருப்பிடித்த வாள், பச்சை பூத்த வெண்கலச் சாடி, வைக்கோல் திணித்த முதலை எல்லாவற்றையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு எல்லாரும் நேரே போவது நடுக்கூடத்துத் தாழிக்குத்தான். பிள்ளைத்தாய்ச்சியின் வயிறு போலப் பருத்த செம்மண் தாழி, ஆள் நெஞ்சுயரம். ஏறிப் பார்க்கப் பக்கத்தில் மரப்படி. ஏறிக் குனிந்தால் உள்ளே ஓர் ஆள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பார். வெறும் எலும்பாக, செம்மண் படிந்து, இரண்டு கையையும் மடியில் வைத்தபடி. பெண்கள் 'ஆத்தாடி' என்று நெஞ்சில் கைவைத்துக்கொள்வார்கள். பிள்ளைகளுக்கு அவர் 'தாழித் தாத்தா'. கையில் பிரம்போடு நின்று, "இவர் ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தி இந்த ஆத்தங்கரையில வாழ்ந்தவர்," என்று ஒப்பிப்பது சிவசைலத்தின் உத்தியோகம். அதைச் சொல்லும்போது அவன் தாழியைப் பார்க்கமாட்டான். முதலையைப் பார்த்துச் சொல்வான்.

ஏனென்றால் தாழிக்குள் இருந்தது அவனுடைய அப்பா.

அம்மையப்பப் பண்டாரம் காலமாகி அப்போது ஐந்து வருஷம். அவர்கள் ஜாதியில் தீட்சை பெற்றவரை எரிப்பதில்லை. குழிக்குள் சம்மணமிட்டு உட்காரவைத்து, கழுத்துவரை திருநீறும் உப்பும் வில்வமும் கொட்டி நிறைத்து, மேலே கல் பாவி மூடுவார்கள். ஆற்றங்கரையில் அவர்களுக்குச் சொந்தமான நந்தவனத்தில், அவர் கையால் வைத்த செடிகளுக்கு நடுவில், அப்பாவையும் அப்படித்தான் வைத்தார்கள். மகனாக முதல் கைத் திருநீறு போட்டவன் சிவசைலம்.

பரம்பில் எடுத்த தாழிகளில் ஒன்றே ஒன்றில்தான் முழு ஆள் இருந்தார். அதை நிழலில் வைத்து, ஈரச் சாக்கால் மூடி, மெல்ல மெல்ல ஆற விடவேண்டும் என்று மேலதிகாரியான துரை படித்துப் படித்துச் சொல்லிவிட்டு மதராசுக்குப் போனார். அவர் திரும்புவதற்குள் எல்லாவற்றையும் சுத்தமாக்கிக் காட்டி நல்ல பேர் வாங்க ஆசைப்பட்ட சிவசைலம், தாழியைத் தூக்கி வெயிலில் வைத்தான். மத்தியானத்துக்குள் இரண்டாயிரம் வருஷத்து மனிதர் மாவாக உதிர்ந்து போனார். அள்ளினால் விரலிடுக்கில் வழிந்தார். கலெக்டர் வந்து திறக்கப்போகிற காட்சிச்சாலை. வீட்டிலோ முழுகாமலிருக்கிற பெண்சாதி. மாலை கட்டுகிறவர்கள் தெருவில் முதன்முதலாகச் சர்க்கார் சம்பளம் வாங்கின பெருமை வேறு. எல்லாம் அந்த மாவோடு மாவாய்ப் போய்விடும் போலிருந்தது.

அம்மா மாசித் திருவிழாவுக்குத் திருச்செந்தூர் போயிருந்தாள். நந்தவனத்தில் ஆளில்லை. பட்டப்பகலில், வெயில் சுள்ளென்று அடிக்கும்போது, கடப்பாரையும் மண்வெட்டியுமாகப் போனான். அடுத்தவன் வீட்டு எலும்பைத் தொட்டால்தான் திருட்டு. பெற்ற அப்பனிடம் பிள்ளை எடுப்பதற்குப் பேர் திருட்டா? இப்படியெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வெட்டினான். மூடுகல் உடைந்தது. உள்ளே அவர் திருநீற்றில் சரிந்து கிடந்தார். ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பூக்கூடையில் வைத்து, வாழை இலையால் மூடி எடுத்து வந்தான். வெறுங்குழியின்மேல் பழைய பனம்பலகைகளைப் போட்டு, ஓலைப்பாய் விரித்து, மண்ணைத் தள்ளி, விளக்கு மாடத்தைத் திரும்பவும் நிறுத்தினான். பார்த்தால் வித்தியாசம் தெரியவில்லை. தாழிக்குள் செம்மண் குழைத்து எலும்புகளைச் சம்மணமிட்டது போல அடுக்கியதில் துரைக்கும் வித்தியாசம் தெரியவில்லை. தாழிக்குள் எட்டிப் பார்த்து, "பேஷ், பேஷ்!" என்று அவன் தோளைத் தட்டினார்.

இப்படியே காலத்தைத் தள்ளிவிடலாம் என்றுதான் நினைத்தான். ஆனால் பிள்ளைகள் தாழிக்குள் பார்த்துப் பல்லை இளித்துக் காட்டும்போதெல்லாம், எவனாவது வெற்றிலை எச்சில் தெறிக்க உள்ளே குனிந்து சிரிக்கும்போதெல்லாம், அவனுக்கு உடம்பு கூசிப் போகும். ஒருமுறை கிராமத்துக்காரர் ஒருவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, "பாவம், இவருக்கும் ஒரு மகன் இருந்திருப்பான்லா," என்று பெருமூச்சு விட்டார். அன்றைக்குச் சிவசைலத்துக்கு முதலையைப் பற்றிக்கூட ஒன்றும் சொல்ல வரவில்லை.

பூ கிடைத்த அன்று சாயங்காலம் ஆற்றுப்பாலம் கடந்து திருநெல்வேலிக்கு, வீட்டுக்கு வந்தபோது, அம்மா கோமு சோறு வடித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் இப்போது இரண்டு பேர்தான். பெண்சாதி பேறுகாலத்துக்கு முக்கூடலுக்குப் போயிருந்தாள்.

"நேத்து சோமவாரமுல்லா, அப்பாவுக்குப் பால் ஊத்திட்டு வந்தேன்," என்றாள் அம்மா. "ஊத்துன உடனே உள்ள எறங்கிருதுலே ஐயா. முந்தியெல்லாம் தேங்கி நிக்கும். இப்பம் ஒரு சொம்பு ஊத்துனாலும் மண்ணு நனைய மாட்டேங்கு. அம்புட்டுத் தாகமா இருக்காவ."

"வெயில்ல மண்ணு காஞ்சி கெடக்கும்மா," என்றான். தன் குரல் தனக்கே பிடிக்கவில்லை.

"பூவும் வச்சேன். செடியில ஒத்த நந்தியாவட்டைதான் பூத்திருந்துச்சு. பல்லால கடிச்சாப்ல ஒரு எதழு ஓரத்துல புழு அரிச்சிருந்துச்சு. இருந்தாலும் அவுக வச்ச செடிப் பூவுல்லா."

சாப்பாட்டில் கையை வைத்தவன் எழுந்துவிட்டான். கொடியில் கிடந்த கோட்டுப் பைக்குள் கைவிட்டுப் பூவை எடுத்துப் பார்த்தான். ஓர் இதழின் ஓரம் பல்லால் கடித்தது போல அரிபட்டிருந்தது. அதைக் கசக்கிச் சாக்கடையில் போட்டுவிட்டுக் கையை அலம்பினான், திரும்பவும் அலம்பினான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை தாழிக்குள் பால் இருந்தது.

கதவைத் திறந்ததுமே மணந்தது. காய்ச்சாத பாலின் மணம், மாட்டுத் தொழுவத்து வெதுவெதுப்போடு, பூட்டிக்கிடந்த கூடத்தின் தூசி மணத்துக்கும் முதலையின் வைக்கோல் நாற்றத்துக்கும் நடுவே தனியாக நின்றது. அந்த மணத்தைப் பின்பற்றி ஈக்கள் எங்கிருந்தோ வந்து தாழியின் விளிம்பில் வரிசையாக உட்கார்ந்திருந்தன, ஆனால் ஒன்றுகூட உள்ளே இறங்கவில்லை. படியேறிப் பார்த்தான். மண்டையின் உச்சி நனைந்திருந்தது. நெற்றியில் வழிந்து, கண் குழியின் ஓரத்தில் ஒரு சொட்டு விழவும் விழாமல் நின்றது. மடியில் வைத்த கைகளின்மேல் பால் தேங்கி வெள்ளையாக இருந்தது.

மதாரை அவன் கூப்பிடவில்லை. தோளில் கிடந்த துண்டைச் சுருட்டி உள்ளே விட்டு ஒற்றி எடுத்தான். துண்டு பிழியப் பிழிய வந்தது. ஒரு சொம்புப் பால்.

"அப்பா," என்றான். எலும்பாக வந்தபிறகு முதன்முதலாக அவரைக் கூப்பிட்டது அன்றைக்குத்தான். "மன்னிச்சிருங்கப்பா. கொண்டுபோயி விட்டுருதேன். கொஞ்சம் பொறுத்துக்கிடுங்க."

சொன்னவன் செய்தானா? செய்யவில்லை. இன்றைக்குக் கூட்டம், நாளைக்குத் துரை வருகிறார், நாளை மறுநாள் மதார் கண்ணில் பட்டுவிடும் என்று ஆயிரம் சாக்கு. பயம் ஒரு பக்கம் இழுத்தது, சம்பளம் ஒரு பக்கம் இழுத்தது. அப்பா நடுவில் உட்கார்ந்திருந்தார்.

அந்த வியாழக்கிழமை பிரதோஷம். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். மேற்கே மலையில் சாரல் பிடித்து, ஊருக்கு மேல் ஈரக் காற்று வீசிக்கொண்டிருந்தது. பொழுது சாய்கிற நேரம். கூடத்தின் மூலைகள் முதலில் கறுத்தன, பிறகு வாள்களும் சாடிகளும் தங்கள் இடத்திலேயே கரைந்தன, கடைசியில் தாழியின் செம்மண் வயிறு மட்டும் ஜன்னல் வெளிச்சத்தை வாங்கிக்கொண்டு மங்கலாகத் தெரிந்தது. ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டு வந்தவன் நின்றான். தாழிக்குள் ஏதோ முனகியது. குளவி கூடு கட்டுகிறது என்று நினைத்தான். குளவிக்கு இப்படி மூச்சு வாங்காது. முழங்கால் வலியோடு தரையில் உட்காருகிற ஒருத்தி விடுகிற மூச்சு அது.

"கேட்டியளா," என்றது தாழி.

அவன் அம்மாவின் குரல். மண்ணுக்கு மேலிருந்து பேசுவதைக் குழிக்குள்ளிருந்து கேட்டால் எப்படி இருக்கும், அப்படி.

"நம்ம சைலத்தைத் துரை தோள்ல தட்டிக் குடுத்தாராம். நீங்க இருந்து பாக்காமப் போயிட்டிய. பிள்ளைக்கு ஒறக்கந்தான் இல்ல. ராத்திரியெல்லாம் முழிக்கான், என்னமோ மனசுல வச்சிக்கிட்டு மருகுதான். எங்கிட்டச் சொல்ல மாட்டேங்கான். உங்க பிள்ளையாச்சே, நீங்கதான் தொணைக்கி இருந்து பாத்துக்கிடணும்."

சிவசைலம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். அவளுடைய அந்த வாஞ்சையைத்தான் தாங்க முடியவில்லை.

"இன்னொண்ணு. உங்களுக்கு ஒரு சின்ன மண்டபம் கட்டி, லிங்கம் வைக்கணும்னு கொத்தனாரக் கேட்டிருக்கேன். வாற சோமவாரம் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டுதாவ. சைலத்துக்கிட்ட இன்னும் சொல்லல. பைய சொல்லிக்கிடலாம்."

பேச்சு நின்றது. எதிரே இருப்பவர் பதில் சொல்ல இடம் விடுவது போல நின்றது. தாழிக்குள் மண் சரிந்தது. கொஞ்சம். இன்னும் கொஞ்சம். உட்கார்ந்திருப்பவர் யாரோ திரும்பி உட்காருகிற அளவுக்கு.

அவன் படியேறிப் பார்க்கவில்லை. கதவைப் பூட்டிக்கொண்டு வெளியே வந்து மருத மரத்தடியில் நின்றபோது ஒன்று மட்டும் தெளிவாக இருந்தது. அஸ்திவாரம் தோண்ட மண்வெட்டி விழுவதற்குள் அப்பா குழிக்குத் திரும்பியாக வேண்டும். வெறுங்குழியை அம்மா பார்க்கக் கூடாது. பார்த்தால் செத்துப்போவாள், சாகாமலிருந்தால் அது இன்னும் மோசம், அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே உயிரோடு இருப்பாள்.

இப்போதே கூடையில் எடுத்துக்கொண்டு போய்விடலாம். ஆனால் மறுநாள் வெள்ளிக்கிழமை கோஷா நாள். பெண்கள் மட்டும் வந்து பார்க்க முதன்முதலாக ஏற்பாடு செய்த நாள்; கலெக்டரின் மனைவியும் வருவதாக இருந்தார். தாழி காலியாக இருந்தால் தலை போய்விடும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கொண்டுபோகலாம் என்று முடிவு செய்தான். இவ்வளவு காலம் பொறுத்தவர் இன்னும் ஒரு பகல் பொறுக்கமாட்டாரா?

வீட்டில் அவனுக்கு வேறொரு கிலி காத்திருந்தது. தெருப் பெண்கள் எல்லாரும் வண்டி பேசியிருந்தார்கள். அம்மாவையும் கூப்பிட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

"நீ வராதம்மா," என்றான் அவசரமாக. "ஒரே கூட்டமா இருக்கும்."

அம்மா சிரித்தாள். "செத்தவுகளப் பாக்க வண்டி கட்டிக்கிட்டு வேற போகணுமா? எனக்கு நந்தவனத்துலயே ஆளு இருக்காவ. நாளைக்கி அங்கனதான் போறேன். அப்பா மேல புல்லு மண்டிக் கெடக்கு. மேல ஏறி நின்னு நல்லாச் செதுக்கி வைக்கணும்."

போன உயிர் திரும்பி வந்தது போலிருந்தது. அம்மா காட்சிச்சாலைக்கு வரவில்லை. அந்த நிம்மதியில் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தவன், பாதியில் நிறுத்தினான். மேல ஏறி நின்னு. பனம்பலகை பழசு. போடும்போதே கரையான் அரித்திருந்தது. இரண்டு நாளாகச் சாரல் வேறு ஊறியிருக்கும்.

"வேண்டாம்மா. சகதியா இருக்கும், வழுக்கும். சனிக்கிழமை நான் செதுக்கித் தாரேன்."

"நீ உத்தியோகஸ்தன்லே. புல்லு செதுக்குதேன்னு நிப்பியாக்கும்? போய்ப் படு ஐயா."

அங்கே ஏறாதே, அடியில் ஒன்றுமில்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் 'ஏன்' என்று கேட்பாள். ஏன் என்பதைச் சொல்ல வேண்டியிருக்கும். வாயைத் திறந்தான், அம்மா நிமிர்ந்து பார்த்தாள், மூடிக்கொண்டான். இத்தனை மாதமாக அவள் நடமாடுகிற இடம்தானே, ஒரு நாளில் என்ன ஆகிவிடும் என்று பாயை விரித்துப் படுத்தான். அப்பாவை எடுத்தது பாவமென்றால், அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு படுத்தது அதைவிடப் பெரிய பாவம். அது அவனுக்கும் தெரிந்தேயிருந்தது.

வெள்ளிக்கிழமை காலையிலிருந்தே தூறல். ஆனாலும் கூட்டத்துக்குக் குறைவில்லை. திரை கட்டிய வண்டிகள், மேலப்பாளையத்திலிருந்து துப்பட்டி போர்த்த முஸ்லிம் பெண்கள், மிஷன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். கலெக்டரின் மனைவி மழையைச் சாக்கிட்டு வரவில்லை. யாருக்காகச் சிவசைலம் தாழியை நிறைத்து வைத்தானோ அவளே வரவில்லை. ஆண்பிள்ளைகள் உள்ளே போகக்கூடாது என்பதால் அவனும் மதாரும் மருத மரத்தடியில் நின்றார்கள். உள்ளே பெண்களைக் கூட்டிக்கொண்டு போய்ச் சொல்கிற வேலை மிஷன் பள்ளிக்கூடத்து உபாத்தியாயினி ஜெபகனியிடம் இருந்தது.

கேட்டுக்கொண்டே நின்றான். ஜெபகனியின் கணீரென்ற குரல், வளையல்களின் கலகலப்பு, முதலையைக் கண்டு ஒரு குழந்தை அலறியது, நாலு பேர் சேர்ந்து சிரித்தது, மரத்திலிருந்து குடையின்மேல் சொட்டுகிற தண்ணீர், மாடுகள் அசைபோடுகிற சத்தம். பூக்கூடையைக் காலையிலேயே கொண்டுவந்து பின்கட்டில் வைத்திருந்தான். இன்னும் கொஞ்ச நேரம். இன்னும் கொஞ்ச நேரந்தான்.

அப்போது பூமி அதிர்ந்தது.

இடி இல்லை. கனமான ஒன்று ஈரமண்ணில் விழுகிற தொப்பென்ற சத்தம். காதில் கேட்பதற்கு முன் உள்ளங்காலில் பட்டது. வண்டி மாடுகள் அசைபோடுவதை நிறுத்தித் தலையைத் தூக்கின. உள்ளே ஜெபகனியின் குரல் பாதி வாக்கியத்தில் நின்றது. வளையல் சத்தம் நின்றது.

"என்னவே அது?" என்றார் மதார்.

கொஞ்சம் பொறுத்துப் பெண்கள் வெளியே வர ஆரம்பித்தார்கள். கூச்சல் இல்லை, தள்ளுமுள்ளு இல்லை. கோயிலிலிருந்து வருகிறவர்கள் மாதிரி ஒருவர்பின் ஒருவராக, தலையைக் குனிந்துகொண்டு வந்தார்கள். எல்லார் நெற்றியிலும் திருநீறு. ஈரத் திருநீறு. மூன்று விரல் அகலத்துக்குப் பூசியிருந்தது. துப்பட்டிக்குள்ளிருந்து தெரிந்த நெற்றியிலும் பூசியிருந்தது.

அவன் ஒருத்தியை மறித்தான். "திருநீறு ஏதுங்க?"

"உள்ள அந்த அம்மா பூசிவிட்டாவ," என்றாள்.

"எந்த அம்மா?"

அவள் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். போய் வண்டியில் ஏறினாள்.

கடைசியாக ஜெபகனி வந்தாள். கிறிஸ்தவ வேதக்காரப் பெண்ணின் நெற்றியிலும் அதே மூன்று பட்டை. முந்தானையால் துடைத்தாள். போகவில்லை. மறுபடியும் துடைத்தாள்.

"அண்ணாச்சி," என்றாள். "தாழிக்குள்ள ஒரு அம்மா எறங்கிட்டாவ. எப்பம் எறங்குனாவன்னு நாங்க யாரும் பாக்கல. மேலெல்லாம் சகதி. ஏறி வாங்கம்மான்னு கைய நீட்டுனா, என் நெத்தியில பூசுதாவ. நீங்க வாங்க."

ஜெபகனி இன்னும் கிட்டே வந்தாள்.

"எம் பிள்ளை எங்கன்னு கேக்காவ."

அவன் கால்கள் தெருவைப் பார்த்துத் திரும்பின. நந்தவனம் ஆற்றுக்கு அக்கரையில். ஓட வேண்டும். மண்ணைக் கையால் பறித்தாவது இழுத்துப்போட வேண்டும்.

"சைலம்," என்று கூப்பிட்டது குரல்.

ஆற்றுக்கு அக்கரையிலிருந்து வரவில்லை. உள்ளேயிருந்து வந்தது.

அவன் உள்ளே போனான்.

கூடத்தில் யாரும் இல்லை. ஜன்னல் வழியே பகல் வெளிச்சம். ஈரமண் மணம். வில்வ மணம். கண்ணாடிப் பெட்டிகளின்மேல் சன்னமாக வெள்ளைத் தூசி. தரையெல்லாம் பெண்களின் காலடித் தடம், எல்லாம் தாழியைப் பார்த்து.

மரப்படியில் கால் வைத்தான். ஏறினான். குனிந்தான்.

நரைத்த தலை. அதில் சகதி. மயிரில் சிக்கிய பனம்பலகைச் சிராய். அம்மா மேலே பார்த்தாள்.

"வந்துட்டியா ஐயா," என்றாள். பல்லிலும் மண். "மூச்சு முட்டுதுலே."

"அம்மா, கையக் குடு. கையக் குடும்மா!"

கொடுத்தாள். சூடான கை. பிடித்து இழுத்தான். வரவில்லை. தாழியின் விளிம்பில் நெஞ்சை அழுத்தி, பலங்கொண்ட மட்டும் இழுத்தான். ஒரு விரற்கடைகூட வரவில்லை.

"அப்பா விட மாட்டேங்காவலே," என்றாள் அம்மா. "நீதான் இங்கன கொண்டாந்து வச்சியாம், சொல்லுதாவ. ஏலே... அப்பாவை நீயா..."

சொல்லி முடிக்கவில்லை. மண் ஏறியது. எங்கிருந்து என்று தெரியவில்லை, நாலு பக்கமும் ஊற்றெடுத்தது. நந்தவனத்துக் கறுப்பு மண். திருநீறு கலந்த மண். அவள் கழுத்துக்கு வந்தது. வாய்க்கு வந்தது. அவன் ஒரு கையால் அள்ளி அள்ளி வெளியே எறிந்தான். அள்ளிய இடம் நிறைந்தது. அம்மா கண்ணை மூடவில்லை. அவனைப் பார்த்துக்கொண்டேயிருந்தாள், கண்ணின்மேல் மண் ஏறும்வரை.

பிறகு கை மட்டும் மேலே நின்றது. அது அவன் கையை விடவில்லை.

வாசலில் மதார் ஏதோ கத்தினார். ஜெபகனி அழுதாள். சிவசைலத்துக்கு எதுவும் கேட்கவில்லை. தாழி விளிம்புவரை நிறைந்து, மண் மட்டமாகி, அசைவில்லாமல் இருந்தது. அவன் விரல்களை அந்தச் சூடான விரல்கள் இறுக்கிப் பிடித்திருந்தன.

அதற்குப் பக்கத்தில் மண் மெல்லப் பிளந்தது. இன்னொரு கை மேலே வந்தது. அதில் சதை இல்லை. அது எதையும் பற்றவில்லை. எலும்பு விரல்களை விரித்து, உள்ளங்கையை அவன் முகத்துக்கு நேரே நீட்டி, அவன் மற்றக் கைக்காகக் காத்துக்கொண்டு நின்றது.